ஸ்டே கம்பி இல்லாமல்

மூன்று பக்கம் இழுத்துக் கட்ட
மூன்று பக்கமும் இடம் வேண்டும்.
எனக்கு இருப்பது ரெண்டே கால் சென்ட்.
வடக்கே ரயில்வே வேலி.
தெற்கே லாரி திரும்பும் பாதை.
மேற்கே ஏலியாம்மாவின் மரச்சீனி.
அதனால்தான் தானாக நிற்கிற ஒன்றைக் கட்டினேன்,
வீம்புக்கு அல்ல.

பகலில் புளியரை செக்போஸ்ட்.
கேரளாவிலிருந்து திரும்பும் கோழி வண்டிகளின்
டயருக்கு மருந்தடிக்கிறேன்.
எதுவும் தாண்டி வந்துவிடக் கூடாது என்பதற்காக
அரசாங்கம் சம்பளம் தருகிறது.
ராத்திரி வேலை வேறு.

செங்கோட்டை தங்கப்பழம்
வெள்ளை நைலான் கட்டையை லேத்தில் கடைந்தார்.
"மோட்டாருக்கா?"
"இல்லண்ணே, முப்பத்து மூன்றடிக் குழாய்
மண்ணைத் தொடாமல் நிற்பதற்கு."
கொஞ்ச நேரம் பார்த்தார்.
பாதிக் காசுதான் வாங்கினார்,
மீதி, நின்றால் தரணுமாம்.

மூணடிக் குழி, முக்கால் ஜல்லி.
குழாய்க்குள் குழாய்க்குள் குழாய்,
ரெண்டங்குலத்தில் தொடங்கிச்
சுண்டுவிரலில் முடிகிறது.
மூட்டுக்கு மூட்டு ஜூபிலி கிளிப்.
நேர் பார்க்கத் தூக்குக்குண்டு கட்டினேன்,
காற்று அதையே நேராகத் தொங்கவிடவில்லை.

கணவாய்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
கொல்லத்துக் கடலை மோந்துகொண்டு
சுரங்கப்பாதை வழியெல்லாம் பேசாமல் வந்து
எங்கள் ஊரில்தான் தலையை உதறும்.
ஆனி பத்து, மத்தியானம்.
மூன்றாவது மூட்டில் குழாய்
மடங்கியது.
முறிந்திருந்தால்கூடப் பரவாயில்லை.
மடங்கிக் கிழக்கே தலை தொங்க
எட்டு நாள் நின்றது,
ரயிலில் போகிறவர்கள் எல்லாம் பார்க்க.

தடித்த குழாய் போட்டால் தாங்கும் என்று நினைத்தேன்.
தடிக்கத் தடிக்கக் காற்றுக்குத்தான் பிடி.
மேலே இன்னும் மெலிதாக்கினேன்,
மூன்றாம் மூட்டுக்குள் மட்டும் ஒரு உள்குழாய்.
ஆடட்டும் என்று விட்டேன்.

பாதி வேலை மண்ணுக்கடியில்.
அடிக்கட்டையிலிருந்து சக்கரத்து ஆரம்போல்
முப்பத்திரண்டு செம்புக் கம்பிகள்.
எட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் போயாக வேண்டும்.
ஏலியாம்மாவிடம் கேட்டேன்.
ஷாக் அடிக்குமா என்றாள். அடிக்காது.
கிழங்கு பறிக்கையில் மண்வெட்டியில் மாட்டுமே.
மாட்டினால் ஒரு சத்தம் கொடுங்கள்.
"மண்ணுக்கடியில் போகுன்னது போய்க்கோட்டே,"
என்று கோழிக்குத் தவிடு பிசையப் போனாள்.
எட்டுக்குப் பதில் பதினொன்று விட்டேன்.
இன்றுவரை சொல்லவில்லை.

புனலூர் ரெஜிமோன்
லாரியில் மீட்டர் கொடுத்தனுப்பியிருந்தான்.
முதல் அழைப்பு அவனுக்கு என்று பேச்சு.
ஆடி ஆறு, ராத்திரி பதினொன்று.
முள் ஒன்று புள்ளி மூன்றில் நின்றது.
கீயைத் தட்டினேன்.
மலைக்கு அந்தப் பக்கம், நாற்பதே கிலோமீட்டர்.
எண்ணெயில் அப்பளம் போட்டதுபோல் இரைச்சல், அவ்வளவுதான்.
போன் அடித்தது.
"செண்பகவடிவே, ஒண்ணும் கேக்கலையே."

தெரிந்ததுதான்.
தாழ்வாகக் கிளம்பி, வானத்தில் பட்டு
எங்கோ தூரத்தில் இறங்கும்.
பக்கத்து ஊர்
அதன் தாவலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும்.
தெரிந்திருந்தும்
அவனிடம் நான் சொல்லவில்லை, அவனும் என்னிடம்.

அப்போது இரைச்சலுக்கு உள்ளிருந்து யாரோ
என் எழுத்துகளை எனக்கே திருப்பித் தட்டினார்கள்.
கஜகஸ்தானில் ஒரு சுரங்க ஊர்.
உன் சத்தம் நன்றாக இருக்கிறது.
அங்கே பருவம் எப்படி?
காற்று, என்று தட்டினேன்.
கொஞ்சம் இடைவெளி.
இங்கேயும்.

போனை நான் வைக்கவே இல்லை.
"யாராணு? யாராணு?" என்று
மேஜைமேல் கிடந்து கத்திக்கொண்டிருந்தான் ரெஜிமோன்.

மறுநாள் புனலூர் வண்டி ஒன்று.
டயருக்கு மருந்தடித்து முடித்ததும்
டிரைவர் கண்ணாடியை இறக்கினான்.
மீட்டர் உங்களிடமே இருக்கட்டுமாம், சொல்லச் சொன்னார்.

தங்கப்பழத்திடம் மீதிக் காசை நீட்டினேன்.
வாங்கவில்லை.
"ஆவணி பொறக்கட்டும், பாப்போம்."